நீல பேசின்காரருக்கும் மற்ற எல்லோருக்கும்

வெள்ளம் வடிந்து, நேற்றோடு வீட்டைக் கழுவி முடித்தாயிற்று. பினாயில் ஊற்றி நாலு முறை துடைத்தும் சேற்று வாடை போகவில்லை, பொங்கல் வரைக்கும் இருக்கும்போல. என்ன நடந்தது, எவ்வளவு தண்ணீர் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. கடலூரில் பெண்ணையாற்றங்கரையில் இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும், மற்றவர்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள்.

விடியற்காலையில் படகைத் தள்ளிக்கொண்டு வந்து அம்மாவைக் குழந்தை மாதிரி தூக்கிப்போன தேவனாம்பட்டினத்துத் தம்பிகள், நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் மூன்று நாளும் முகம் சுளிக்காமல் சாம்பார் சாதம் கிண்டிய அக்காக்கள், சீட்டு இல்லாமலே பிரஷர் மாத்திரை கொடுத்த மெடிக்கல்காரர், இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பம் நட்ட ஈபிக்காரர்கள், எல்லோருக்கும் பெரிய கும்பிடு. தம்பிகளே, டீசல் காசு வாங்க மாட்டோம் என்று அடம்பிடித்தீர்கள், அதற்கு ஒருநாள் எங்கள் வீட்டில் மீன் குழம்பு. மீன்காரருக்கே மீன் குழம்பா? சரி, கோழி.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இன்னொருவருக்காக. அவர் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

வீட்டை விட்டு வரும்போது அம்மா எடுத்துக்கொண்டது அப்பா படத்தை மட்டும்தான். பேங்க் புத்தகம், பட்டா எதுவும் இல்லை. படம் ஆணியோடு விழுந்து ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்திருக்கிறது, இருட்டில் துழாவி எடுத்துச் சேலையில் சுற்றிக்கொண்டார்.

அப்பா மிலிட்டரி. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் பதினாலு வருஷ சர்வீஸ், ஹவில்தார். 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்கு, யாழ்ப்பாணத்தில் புலிகளோடு நடந்த சண்டைக்குப் போனவர் திரும்பவில்லை. எனக்கு அப்போது நாலு வயது. ஒரு தந்தி வந்தது, அப்புறம் அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி வந்தது, உடல் வரவில்லை. கொடி போர்த்தி ஊருக்கே கொண்டுவருவதெல்லாம் கார்கில் சமயத்தில்தான் வழக்கமானது. கார்கிலில் போயிருந்தால் தெருமுனையில் பேனர் வைத்திருப்பார்கள் என்று நான் சின்ன வயதில் நினைத்ததுண்டு. அப்பா போன சண்டை அப்படிப்பட்டதல்ல. "நம்ம சனத்தையே சுடப்போன ஆளு" என்று யாரோ டீக்கடையில் பேசியது அம்மா காதிலேயே விழுந்திருக்கிறது. 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னைக்குத் திரும்பியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அங்கே ஜனங்கள் பட்டதைக் கேட்டவர்களுக்கு அந்தக் கோபம் புரியும், எனக்கும் புரிகிறது. அனுப்பின இடத்துக்குப் போன மனுஷர் என் அப்பா, அவரைப் போல அங்கே செத்தவர்கள் கிட்டத்தட்ட 1,200 பேர், அதுவும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து எப்படிச் சொல்வது என்றுதான் இந்த நாற்பத்தொரு வயதிலும் தெரியவில்லை. அதனால் எங்கள் வீட்டில் அதைப் பேசுவதே இல்லை, படம் மட்டும் சுவரில் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் இரண்டாம் நாள் ஒரு வேனில் ஏழெட்டுப் பேர் பெட்ஷீட் கொண்டுவந்தார்கள். அகதி முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. அம்மா படத்தைக் கண்ணாடியிலிருந்து நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து ஒருவர் ஓடிவந்தார். "ஐயோ அம்மா, உரிக்காதேங்கோ! காயவும் விடாதேங்கோ!"

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் ஜெலட்டின் பூச்சு இருக்குமாம். நனைந்தால் பசை மாதிரி ஊறிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், அப்படியே காய்ந்து போய்ப் பிய்த்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அதனால் மறுபடியும் நல்ல தண்ணீரில்தான் போட வேண்டும் என்றார். சின்ன வயதில் மாமாவின் ஸ்டுடியோவில் பழகிய வேலையாம். வேனிலிருந்து ஒரு நீல பேசினை எடுத்துவந்து, கேன் தண்ணீரை ஊற்றி, கண்ணாடியோடு படத்தை அமிழ்த்திவிட்டுப் பக்கத்திலேயே குந்திக்கொண்டார். வேன் கிளம்பிவிட்டது, அவர் போகவில்லை.

சேறு கரையக் கரைய உள்ளே அப்பா தெரிய ஆரம்பித்தார். முதலில் மீசை, அப்புறம் தொப்பி, தொப்பியில் யானைச் சின்னம். அவர் கை நின்றுவிட்டது.

"இந்தியன் ஆமி" என்றார். கேட்டாரா சொன்னாரா, தெரியவில்லை.

அம்மாவுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. "ஆமாம்பா, உங்க ஊர்லதான் போயிட்டாரு. எம்பத்தேழுல." எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"அப்ப எனக்குப் பன்னிரண்டு வயசு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கை மறுபடி தண்ணீருக்குள் போயிற்று.

ஒன்றரை மணி நேரம். ஒரு மூலை லேசாக எழும்பியதும் விரலால் தொடாமல், தண்ணீரை மட்டும் உள்ளே விட்டு விட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்தார். அச்சு மை ஒட்டும் என்று நியூஸ்பேப்பரை வேண்டாமென்றுவிட்டு வெள்ளை வேட்டித் துணியில் முகம் மேலாக நிழலில் காயப்போட்டார். மறுநாள் பஸ் பிடித்து வந்து, சுருண்டிருந்ததை இரண்டு அட்லஸ்களுக்கு நடுவில் வைத்து அழுத்திவிட்டுப் போனார். ஒரு பைசா வாங்கவில்லை. டீ மட்டும் குடித்தார், சர்க்கரை இல்லாமல்.

படத்தில் அப்பாவின் ஒரு கை போய்விட்டது, ஹவில்தாரின் மூன்று பட்டையோடு சேர்த்து. கம்ப்யூட்டரில் வரைய முடியுமா என்று கேட்டேன். "செய்யலாம் தங்கச்சி, அம்மாவைக் கேளுங்கோ" என்றார். அம்மா, "பட்டை போனா போவுது, மூஞ்சி இருக்குதில்ல" என்றார். அப்படியே கண்ணாடி போடக் கொடுத்திருக்கிறோம்.

அண்ணா, அந்த அக்டோபரில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. மரியாதைக்காக என்று சொல்லிக்கொண்டேன், உண்மையில் பயம். நீங்கள் சொல்லும் பதிலில் அப்பா மாதிரி உடுப்புப் போட்ட ஒருத்தர் வந்துவிடுவாரோ என்று. அடுத்த முறை கேட்பேன். நீங்கள் சொன்னால் முழுக்கக் கேட்டுக்கொள்வேன், நடுவில் அப்பாவுக்காக வாதாட மாட்டேன்.

உங்கள் பேசின் இங்கேதான் இருக்கிறது. அம்மா அதில் துணிகூட ஊறவைக்க விடமாட்டேன் என்கிறார். வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வழி தெரியாவிட்டால் பஸ் ஸ்டாப்பில் மிலிட்டரிக்காரர் வீடு என்று கேளுங்கள், காட்டுவார்கள்.