தண்ணீர் விடுகிற நேரம்

பென்னாகரம்,
ஞாயிறு காலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சென்னைக்குக் கூட்டிப்போன பிறகு அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். ‘ஒரு வேலையும் வைக்காமல்தான் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற வரியிலேயே என் மனசு நின்றுவிட்டது.

முதலில் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். 2013-ல் ஒகேனக்கல் தண்ணீர் வந்தது தெரியும் உனக்கு. ஃப்ளோரைடு கலந்த பழைய நிலத்தடித் தண்ணீரால் நம் பல்லில் ஏறிய காவிக்கறை என் பேத்தி பல்லில் இல்லை. ஆனால் எங்கள் ஊர்க் குழாயில் தண்ணீர் விட்டது பகல் பதினொரு மணிக்கு. பெண்கள் கொல்லை வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போயிருக்கிற நேரம். அதை யார் வைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அக்டோபர் 2 கிராம சபையில் ஆடு மேய்க்கிற அக்கா ஒருவர், அதுவரை கூட்டத்தில் வாயே திறக்காதவர், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். “தண்ணி புடிக்கிறது நாங்க. நேரத்த எங்களக் கேட்டு வையுங்க.” இரண்டு மணி நேரம் பேச்சு ஓடியது. மேலத்தெருவுக்கு விடியற்காலை, கீழத்தெருவுக்குச் சாயங்காலம் என்று தீர்மான நோட்டில் ஏறியது. மை தடவிய கட்டைவிரலை ஊன்றி எடுத்த பிறகும், அந்த ரேகையையே பார்த்துக்கொண்டு நின்றார் அக்கா.

நான் கேட்ட தெருவிளக்கு கிடைக்கவில்லை. பள்ளிக்கூடச் சந்துக்குத்தான் முதலில் என்றார்கள். காரணத்தைக் கேட்டதும் எனக்கும் சரியென்று பட்டது. டார்ச் அடித்துக்கொண்டு இருட்டில் வீடு வந்தேன், மனசில் ஒரு சுணக்கமும் இல்லை.

புருனோ ஃப்ரை, அலோயிஸ் ஸ்டட்ஸர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் முடிவெடுப்பதில் பங்கிருந்தால் மனசு நிறைகிறதா என்று சுவிட்சர்லாந்தில் ஆராய்ந்து 2000-ல் எழுதியிருக்கிறார்கள். மக்கள் நேரடியாக வாக்களித்து முடிவெடுக்கும் உரிமை எந்த மாநிலத்தில் அதிகமோ, அங்கே மனநிறைவும் அதிகமாம். அங்கேயே குடியிருந்தும் வாக்கில்லாத வெளிநாட்டவருக்கு அந்த நிறைவு அவ்வளவாக இல்லை. சாலையும் தண்ணீரும் இருவருக்கும் ஒன்றுதானே!

இப்போது அம்மா விஷயம். 1976-ல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினரிடம், உங்கள் காரியத்தை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லி, வேண்டிய செடியை எடுத்துத் தண்ணீர் ஊற்றி வளர்க்கச் சொன்னார்கள். மற்றவர்களுக்கும் செடி கொடுத்தார்கள்; தண்ணீர் ஊற்றியது பணியாளர்கள். மூன்றே வாரத்தில் முதல் பகுதியினர் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தார்களாம்.

தப்பாக எடுத்துக்காதேடி. நாற்பது வருஷம் என்ன குழம்பு, எந்தக் கொல்லையில் என்ன விதைப்பு என்று சொன்னவர் உன் அம்மா. அங்கே காலைக் காபிக்குக்கூட அவரை யாரும் கேட்பதில்லையோ என்று தோன்றுகிறது.

அடுத்த வாரம் என் மகன் சென்னை வருகிறான். புது ராகி இருக்கிறது, கொடுத்தனுப்புகிறேன். மாவாக வேண்டுமா, தானியமாகவே வேண்டுமா என்று அம்மாவிடம் கேட்டு எழுது. நீ முடிவு செய்யாதே.

உன் பழைய பெஞ்சுத் தோழி