கையெழுத்து மறையாத படச்சட்டம்

சென்னை
ஞாயிறு காலை

அன்பு நண்பா,

இங்கு எல்லோரும் நலம். உனக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று தங்கச்சி போனில் சொன்னாள், நிம்மதி. மழை விடும்வரை மாடிப்படி ஏறாதே.

நீ வரைந்து அனுப்பிய காவிரிப் படம் நேற்றுதான் சுவரில் ஏறியது. ஏன் இத்தனை நாள் என்று கேட்பாய். முதலில் இங்குள்ள ஒரு பிரேம் கடையில் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், வலது கீழ்மூலையில் உன் கையெழுத்தில் பாதியைக் காணோம். சட்டத்தின் விளிம்பு நாலு பக்கமும் இரண்டு நூல் அளவுக்கு, அதாவது கால் அங்குலம், படத்தை விழுங்கியிருந்தது. மேலே கண்ணாடி வேறு. அம்மா வீட்டுத் தஞ்சாவூர் கிருஷ்ணருக்குத் தங்க ரேக்கும் கல்லும் பதித்திருக்கிறது, அதைக் கண்ணாடி போட்டுத்தான் காக்க வேண்டும். உன் எண்ணெய் வண்ணத்துக்கு எதற்கு? தூரிகை இழுத்த மேடு பள்ளம்தானே அதில் தண்ணீர்! கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தது, ஆறு தெரியவில்லை. மனசு கேட்காமல் மறுநாளே கழற்றிவிட்டேன்.

அப்போதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் எப்போதோ பார்த்த ஃபுளோட்டர் பிரேம் நினைவுக்கு வந்தது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் அந்தச் சட்டம் நம் 'ட' எழுத்து மாதிரி இருக்கும். கேன்வாஸ் அதற்குள் முன்பக்கமாக இறங்கி உட்காரும். சுற்றிலும் ஒரு சின்ன இடைவெளி. படத்தின் மேல் மரம் எங்குமே படாது.

தெரிந்த ஆசாரி ஒருவரிடம் போனேன். உன் கேன்வாஸ் 24க்கு 36 அங்குலம் என்று சொன்னதை அவர் நம்பவில்லை, தானே அளந்தார். மேலே 24, கீழே ஒரு நூல் கூட. "சாதா பிரேம்னா மறைச்சிடும் சார், இதுல சந்து காட்டிக்கொடுத்துடும்" என்றார். பெரிய அளவையே வைத்துக்கொண்டு பக்கத்துக்கு இரண்டு நூல் சந்து விட்டோம். கேன்வாஸ் ஒன்றரை அங்குலக் கனம் இல்லையா? சட்டத்தின் உள் ஆழத்தை அதைவிட ஒரு நூல் கூட்டி வைத்தார். விளிம்பில் இடிபட்டாலும் அடி மரத்தோடு போகும்.

மரத்தில்தான் ரொம்பத் தடுமாறினேன். வெள்ளை பெயின்ட் அடித்த துண்டை வைத்தால் படத்தின் அந்திப் பொழுது வெளிறிப்போனது. கருங்காலி நிற பாலிஷ் போட்டதோ படித்துறை நிழலோடு கலந்து, சட்டம் எது படம் எது என்று தெரியவில்லை. கடைசியில் இழைத்த தேக்கு, வெறும் எண்ணெய் மட்டும் பூசியது. இப்போது கொஞ்சம் மஞ்சளடித்தாலும் நாளாக ஆகப் பழுப்பேறிவிடும். முகப்பு மூன்று நூல்தான், அதற்கு மேல் போனால் சட்டம்தான் முதலில் கண்ணில் படும். உள்பக்கம் மட்டும் பளபளப்பில்லாத கறுப்பு. படம் நிழலில் மிதக்கிற மாதிரி தெரிவது அந்தக் கறுப்பால்தான்.

நாலு பக்கமும் அட்டைத் துண்டு செருகிப் படத்தை நடுவில் நிறுத்தி, பின்னாலிருந்து ஸ்க்ரூ போட்டார். பசை கூடாது என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஈரக்காற்றில் துணி தொய்ந்தால், கழற்றி, துணியை இழுத்துக் கட்டிய உள்சட்டத்து ஆப்புகளைத் தட்டி இறுக்க வேண்டுமே. நாலு மூலையிலும் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை.

இப்போது உன் கையெழுத்து முழுசாக இருக்கிறது. இன்னொன்றும் தெரிந்தது. படித்துறையின் கடைசிக் கல், முகப்போடு நிற்காமல் இடது விளிம்பில் மடிந்து பக்கவாட்டிலும் இறங்குகிறது, பாசியோடு. அதை யாராவது பார்ப்பார்கள் என்று நினைத்துத்தான் வரைந்தாயா? உடனே எழுது.

உன்,
பழைய வகுப்புத் தோழன்