களியா, கடல்நீரா?

ஆசிரியருக்கு,

காவிரிக் கடைமடையில் நிலத்தடி நீர் உப்பாகிவருவது பற்றிய கட்டுரை படித்தேன். மின்தடை ஆய்வு செய்தால் கடல்நீர் எதுவரை வந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆழ்துளைக் கிணறு (போர்) இறக்கும் தொழிலில் இருப்பவன் நான். அவ்வளவு சுலபமில்லை.

இந்த ஆய்வில் நான்கு கம்பிகளை ஒரே கோட்டில் நிலத்தில் அடிப்பார்கள். ஓரத்து இரண்டில் மின்சாரம் பாய்ச்சி, நடு இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்தத்தை அளப்பார்கள். ஓரக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க, ஆழத்து மண்ணின் நிலவரம் கிடைக்கும். கோடையில் கம்பியடியில் தண்ணீர் ஊற்றினால்தான் ரீடிங்கே நிலைக்கும். மண் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை ஓம்-மீட்டரில் சொல்வார்கள்; உப்பு ஏற ஏற அது குறையும். நல்ல தண்ணீர் உள்ள மணல் பல பத்து ஓம்-மீட்டர் காட்டும். உப்பேறிய மணல் ஐந்துக்கும் கீழே போகும். கடல்நீருக்கு 0.2 தான்.

ஆனால் டெல்டாவில் மணலும் களிமண்ணும் மாறி மாறிக் கிடக்கின்றன. உப்பே ஏறாத களியும் ஐந்து, பத்து என்று காட்டும். கடல் பரவியிருந்த காலத்தில் படிவுகளில் தங்கிப்போன பழைய உப்புநீரும் உண்டு. அது நேற்று நுழைந்ததல்ல. எண்ணை மட்டும் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது. பக்கத்து போரில் எத்தனை அடியில் களி, எத்தனை அடியில் மணல் என்ற விவரம் வேண்டும். (எங்கள் ஆட்களில் அதை எழுதிவைப்பவர் குறைவு.) தண்ணீரில் குளோரைடு என்ற உப்புச்சத்தும் பார்க்க வேண்டும், குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது.

இன்னொன்று. ஆய்வுக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் 'தண்ணி எங்கே இருக்கு' என்றுதான் கேட்கிறார்கள். கடலோரத்தில் 'எத்தனை அடியில் நிறுத்தணும்' என்றல்லவா கேட்க வேண்டும்? நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்புநீரை அண்டவிடாது என்பது கணக்கு. இறைத்து இறைத்து அரை மீட்டர் இறக்கிவிட்டால் 20 மீட்டர் போச்சு. வேதாரண்யம் மணல்மேடுகளில் மேலாகத் தோண்டிய கிணறு இனிக்க, ஆழ போர் கரிப்பது இதனால்தான்.

ஒருமுறை அளந்தால் உப்பு நகர்கிறதா, நின்ற இடத்திலேயே இருக்கிறதா என்று தெரியாது. மழை முடிந்து ஜனவரியிலும், மேட்டூர் அணை திறக்கும் முன் மே மாதத்திலும், அதே இடங்களில் ஆண்டுதோறும் அளந்து, அளவுகளை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப்போட அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தப் பலகையைப் பார்த்த பிறகு போர் போட வருகிறவரிடம் எங்களுக்கும் பேச்சு மிச்சம்.

– ஒரு வாசகர், சீர்காழி வட்டம்