மோதிரத்தில் மந்திரம் இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. தைலம் இங்கேயே கிடைக்கிறது, நீ அனுப்ப வேண்டாம்.

பொங்கலுக்கு வந்தபோது நாம் காமிக்ஸில் படித்த முகமூடி மாயாவியை வைத்து எடுத்த ஆங்கிலப் படத்தை எனக்காகவே தேடிப் பிடித்து டிவியில் போட்டாய். முடிந்ததும், "என்னப்பா, பிடிக்கலையா?" என்று கேட்டாய். தூக்கம் வருகிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். நீ ஆசையாகப் போட்டது, முகத்துக்கு நேரே சொல்ல மனசு வரவில்லை. அன்றிலிருந்து அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நடித்த பையனைக் குறை சொல்லமாட்டேன். பில்லி ஜேன் உடம்பைத் தேற்றிக்கொண்டு, அந்த ஊதா உடையைக் கூச்சமே இல்லாமல் போட்டுக்கொண்டு, சிரித்த முகமாக வருகிறான். கயிற்றுப் பாலத்தில் தொங்கும் லாரியிலிருந்து சின்னப் பையனைக் காப்பாற்றுகிறானே, அப்போது நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். நீயும் பார்த்திருப்பாய்.

அப்புறம்தான் அந்த மூன்று மண்டை ஓடுகள் வந்தன. ஒன்றாகச் சேர்த்து வைத்தால் ஒளி பாய்ந்து எதையும் அழிக்குமாம். கடைசியில் மாயாவியின் மோதிரமே நாலாவது மண்டை ஓடாம், அதை நீட்டினால் வில்லன் காலியாம். அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு விட்டுப்போயிற்று.

அமெரிக்க எழுத்தாளர் லீ ஃபாக் 1936-இல் இந்தப் படக்கதையைத் தொடங்கியபோது சூப்பர்மேனே பிறக்கவில்லை. மாயாவிக்குப் பறக்கத் தெரியாது, குண்டு பட்டால் சாவான். கையில் இரண்டு துப்பாக்கி, முஷ்டி, குதிரை, ஓநாய், அவ்வளவுதான். அவன் சாகாதவன் என்று காடே நம்பும். ஆனால் அப்பா செத்தால் மகன் அதே முகமூடியைப் போட்டுக்கொள்கிறான் என்பது படிக்கிற நமக்கு மட்டும் தெரியும். நானூறு வருஷம், இருபத்தோரு தலைமுறை. அந்த மோதிரத்தால் குத்தினால் கெட்டவன் தாடையில் மண்டை ஓட்டுத் தழும்பு விழும், ஆயுசுக்கும் போகாது. அடிக்கிறவன் கை பலம்தான் அது. மோதிரத்தில் மந்திரத்தை ஏற்றிவிட்டால் அப்புறம் மனுஷன் எதற்கு?

உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. பஸ் ஸ்டாண்டு கடையில் ராணி காமிக்ஸ் வாங்கி வருவேன். நீ எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே அதில்தான். ஒருநாள் கட்டை விரலில் நீல மசியால் மண்டை ஓடு வரைந்து, தூங்கிக்கொண்டிருந்த என் தாடையில் அழுத்திவிட்டாய். நான் கவனிக்காமல் வேலைக்குப் போய்விட்டேன். மத்தியானம் சாப்பிடக் கை கழுவும்போதுதான் கண்ணாடியில் பார்த்தேன். துடைக்கவில்லை.

இன்னொன்று. படத்தில் செத்துப்போன அப்பா ஆவியாக வந்து வந்து மகனுக்குப் புத்தி சொல்கிறார். கதையில் அப்படி இல்லை. மண்டை ஓட்டுக் குகையில் வரிசையாகத் தடித் தடி ஏடுகள் இருக்கும். ஒவ்வொரு மாயாவியும் தான் செய்ததைத் தன் கையாலேயே எழுதி வைத்துவிட்டுப் போவான். மகன் விளக்கை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து அதைப் படிப்பான். அந்தக் கட்டம் வரும்போதெல்லாம் பக்கத்தைத் திருப்ப எனக்கு நேரமாகும். உன் தாத்தா எதையும் எழுதி வைக்கவில்லை. அவர் கடன் கணக்கு எழுதின நோட்டு ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அதைக்கூட அவர் கையெழுத்துக்காக எத்தனையோ தடவை படித்திருக்கிறேன்.

4½ கோடி டாலர் போட்டு எடுத்தார்கள், அமெரிக்காவில் 1¾ கோடிகூடத் தேறவில்லை. எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. நன்றாக ஓடியிருந்தால் அடுத்த படத்திலாவது அந்தக் குகைக்குள் போயிருப்பார்கள்.

நேற்று பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினேன். அடியில் கொஞ்சம் கரையான் அரித்துவிட்டது. மிச்சத்தை வெயிலில் காயப்போட்டு, வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். படம் பார்க்கும்போது, "பொம்பளைப் பிள்ளை மாயாவி ஆகக்கூடாதா தாத்தா?" என்று பாப்பா கேட்டாளே, பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆகலாம் என்று சொல். பதினேழாவது மாயாவி படுக்கையில் விழுந்தபோது அவனுடைய இரட்டைச் சகோதரி ஜூலிதான் முகமூடியைப் போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் போடும்போது பாப்பாவிடம் கொடு, மீதியை நான் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா