தூளிக் கயிறும் கட்டைவிரலும்

அஸ்தம்பட்டி, சேலம்
ஞாயிறு மாலை

அன்புள்ள சுகன்யா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே கிடைத்துவிட்டது. பஸ்ஸில் படிக்கலாம் என்று பையில் வைத்துக்கொண்டேன். ஏற்காட்டுப் பாதையில் எழுத்தைப் பார்த்தால் மூன்றாவது வளைவிலேயே தலை சுற்றும். இருபது வளைவு எப்படித் தாங்கும்? மேலே போய், வங்கிக் கிளையைத் திறப்பதற்கு முன் ஏரிக்கரையில் உட்கார்ந்து படித்தேன். ஏழாவது மாதம் என்று நீ எழுதியதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். இரண்டு தடவை கைநழுவிப் போன பிறகு வந்த பிள்ளை. நன்றாக இரு. அம்மா நேற்றே கோட்டை மாரியம்மனுக்கு உன் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

“பிரசவ லீவு முடிந்ததும் வேலையை விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன், நீ எப்படிடி சமாளிக்கிறாய்?” என்று கேட்டிருக்கிறாய். உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. ஐந்து நாளாக அதே யோசனை. இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கிற யாருக்கும் நான் இதுவரை உண்மையான பதில் சொன்னதில்லை. உனக்காவது சொல்கிறேன்.

நான் தனியாகச் சமாளிக்கவில்லை சுகன்யா. காலை எட்டு மணிக்கு நான் பஸ் ஏறுகிறேன் என்றால், அதே எட்டு மணிக்கு அம்மாவும் டூட்டியில் ஏறுகிறாள். நான் இறங்கி வீடு வந்து சேர ஏழரை ஆகும். ஆடிட் வந்தால் எட்டரை. அவளுக்கும் அதுவரை வேலைதான். எனக்குச் சம்பளம் உண்டு, பதவி உண்டு, ‘மேனேஜர் மேடம்’ என்று பெயர் உண்டு. அவளுக்கு அறுபத்து மூன்று வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம்.

போன ஆவணியில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது கால் மடங்கி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. அன்று ராத்திரி அவள் படுக்கையை உதறிப் போடும்போது தலையணை உறைக்குள் ஏதோ சரசரத்தது. கையை விட்டுப் பார்த்தால் வலி மாத்திரை அட்டைகள். எட்டு அட்டை. எல்லாமே காலி. மளிகைக் கடைக்குப் போகும்போது மருந்துக் கடையில் வாங்கி வந்து, எனக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டிருக்கிறாள். “உனக்குத் தெரிஞ்சா வேலைய விட்டுருவேன்னு சொல்லுவியே கண்ணு” என்றாள். நான் அந்த அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவை உனக்குத் தெரியும். செவ்வாய்ப்பேட்டை வீட்டுக்கு நீ வரும்போதெல்லாம் ஒரு மூலையில் கொலுசு வேலை நடந்துகொண்டிருக்குமே, நினைவிருக்கிறதா? பட்டறையிலிருந்து எடை போட்டு வெள்ளி வாங்கி வருவாள், வேலை முடித்துத் திரும்ப எடை போட்டுக் கொடுப்பாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் முடிந்துகொண்டு, காலால் ஆட்டியபடியே கையால் கண்ணி கோர்ப்பாளாம். நான் உறங்கினால் கால் நிற்கும், கை நிற்காது. வெள்ளிப்பொடி என் மேல் பட்டுவிடக் கூடாது என்று தூளிக்கு மேலே பழைய வேட்டியை விரித்திருப்பாளாம். அந்தக் காலத்தில் அவளை யாரும் ‘வேலைக்குப் போகிற அம்மா’ என்று சொன்னதில்லை. ‘வீட்டில் சும்மா இருக்கிறாள்’ என்றுதான் சொன்னார்கள். அவள் கட்டைவிரலில் அந்தக் கயிற்றுத் தழும்பு இன்னும் இருக்கிறது. என்னை வளர்த்து முடித்தவள், முப்பது வருடம் கழித்து என் மகளுக்காக மறுபடியும் அதே வேலையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அதைப் பாசம் என்று மட்டும் நினைத்து நிம்மதியாக இருந்துவிட்டேன்.

படியில் விழுந்த மறுநாள் நானும் அவரும் உட்கார்ந்து பேசினோம். நல்ல மனிதர்தான், உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து நாலரைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறவர். ஆனால் நாலரையிலிருந்து ஏழரை வரை பாப்பா அம்மாவின் இடுப்பில்தான் இருந்தாள். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. கேட்காமலே செய்ய வேண்டும் என்று மனதுக்குள் குமைந்துகொண்டிருந்தேன். அன்று வாய்விட்டுக் கேட்டேன். இப்போது சாயங்காலக் குளியல், சோறு ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. முதல் வாரம் பாப்பா அழுது ஊரைக் கூட்டினாள். இரண்டாம் வாரம் அப்பா தோளில்தான் தூக்கம். பகலில் அம்மாவுக்குத் துணையாக அடுத்த தெரு அக்கா ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறோம். அவருக்கும் ஞாயிறு லீவு, அம்மாவுக்கும் ஞாயிறு லீவு. இன்றைக்குக் காலையிலேயே அம்மாபேட்டையில் இருக்கும் சித்தி வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

அலுவலகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். லீவு முடிந்து நான் சேரும்போது பாப்பாவுக்கு ஆறு மாதம். தாய்ப்பால் நிறுத்த மனமில்லை. கிளையில் கதவு தாழிடுகிற இடம் என்றால் பழைய லெட்ஜர் அடுக்கிய ரெக்கார்டு ரூம் ஒன்றுதான். பதினொன்றரைக்கு ஒரு தடவை, மூன்றுக்கு ஒரு தடவை அங்கே நின்றுகொண்டே பாலைப் பீய்ச்சி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கீழே கொண்டு வருவேன். ஒரு நாள் மேலதிகாரி போன் செய்திருக்கிறார், நான் எடுக்கவில்லை. “குழந்தையைச் சாக்கு சொல்லாதீங்க மேடம்” என்றார். நான் பதில் பேசாமல் மன்னிப்புக் கேட்டேன். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படியே உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. அது 1961 பேறுகாலச் சட்டத்திலேயே வந்த உரிமை. நான் எனக்கு உரிய இருபது நிமிடத்துக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

அதனால் நீ எதையும் தெரியாமல் முடிவு செய்யாதே. 2017இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, 12 வார லீவை 26 வாரம் ஆக்கினார்கள், உயிரோடு இருக்கும் பிள்ளைகள் இரண்டுக்குக் குறைவாக உள்ள தாய்க்கு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால் குழந்தைகள் காப்பகம் வைத்தாக வேண்டும், நாளுக்கு நான்கு தடவை போய்க் குழந்தையைப் பார்த்துவரத் தாயை விட வேண்டும். லீவு முடிந்த பிறகும், வேலை அப்படிப்பட்டதாக இருந்தால், பேசி ஒத்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை செய்யவும் சட்டத்தில் வழி இருக்கிறது. உன்னுடையது கம்ப்யூட்டர் வேலைதானே. உங்கள் கம்பெனியில் ஐம்பது பேருக்கு மேல் இருப்பார்கள். காப்பகம் எங்கே என்று ஹெச்.ஆருக்கு எழுத்தில் கேள். வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும்.

இன்னொன்று. மார்கழியில் காபி சீசன் நடக்கும்போது, ஒரு கடன் விஷயமாகச் சின்ன எஸ்டேட் ஒன்றைப் பார்க்கப் போனேன். பழம் பறிக்கிற பெண்களில் ஒருத்தி, இருபத்து இரண்டு வயதுகூட இருக்காது, இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே சேலையில் தூளி கட்டியிருந்தாள். மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி, கீழே பனி ஈரம். குழந்தை சிணுங்கியதும் இடுப்புப் பையோடு ஓடி வந்து உட்கார்ந்து பால் கொடுத்தாள். விரலெல்லாம் காபிப் பழத்தின் பிசுபிசுப்பு. குழந்தையைத் தொடுவதற்கு முன் முந்தானையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டாள். “ஒருவாட்டி பால் குடுத்து எந்திரிச்சா ரெண்டு கிலோ போயிருதுங்க” என்றாள். கூலி எடைக்கணக்கு. பெண் தொழிலாளர்கள் ஐம்பது பேர் இருந்தால் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்களுக்கு 1951லேயே சட்டம் போட்டார்கள். இவள் வேலை செய்கிற தோட்டத்தில் மொத்தமே பதினைந்து பேர். அந்தச் சட்டம் அவளை எட்டவில்லை.

அன்று இறங்கும்போது வளைவுக்கு வளைவு காது அடைத்துத் திறந்தது. மடியில் ஐஸ் பெட்டி. எனக்கு நிழல், நாற்காலி, மாதச் சம்பளம் எல்லாம் இருந்தும் கேட்க வாய் வரவில்லையே என்று இருந்தது. அடுத்த வாரமே மண்டல அலுவலகத்துக்கு எழுதினேன். ரெக்கார்டு ரூமில் ஒரு திரை, ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயிண்ட் வந்திருக்கிறது. பாப்பாவுக்கு ஒன்றேகால் வயது தாண்டிவிட்டது, எனக்கு இனி அது தேவையில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கிற கிளார்க் பெண்ணுக்கு ஐந்தாம் மாதம். சாவி இப்போது அவளிடம்.

வேலையை விடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. குழந்தையோடு இருக்க வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டு நீ விட்டால் நான் கூட நிற்பேன். ஆனால் உன் கடிதத்தில் ஆசை என்ற வார்த்தையே இல்லை. ‘வேறு வழியில்லை’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உன் வீட்டுக்காரரிடம் பேசிவிட்டாயா? உன் மாமியார் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருக்கிறாயே, அவரிடம் கேட்டாயா?

சரி, விளக்கு வைக்கும் நேரம். பாப்பா எழுந்துவிட்டாள், அவர்தான் தூக்கி வைத்திருக்கிறார். இந்தக் கடிதத்தோடு புது மிளகு கால் கிலோவும் காபித் தூளும் அனுப்புகிறேன். தூள் உன் வீட்டுக்காரருக்கு, நீ நாளுக்கு ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள். வளைகாப்புத் தேதியை முன்கூட்டியே சொல். மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்கு முன்னால் என்றால் எப்படியும் லீவு எடுத்து வருவேன். அம்மாவும் வருகிறாளாம். உன் வீட்டில் படி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள்.

உன்,
தேன்மொழி