சேகருக்கு, கந்தகம் பற்றி

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும், மருமகனுக்கு ஊர்ப் பக்கமே மாற்றல் கிடைத்ததும் படித்து சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு முழங்கால் வலிதான், மாடிப்படியைப் பார்த்தாலே முணுமுணுக்கிறது, அதை விடு.

உங்கள் தெரு பாதாளச் சாக்கடைக் குழாயைத் தோண்டிப் பார்த்தால் மேல்பாதி அரித்து உதிர்கிறது, கழிவுநீர் ஓடும் அடிப்பாதி அப்படியே இருக்கிறது, சிமெண்டில் கை வைத்துவிட்டார்களா என்று கேட்டிருந்தாய். வைத்தார்களா இல்லையா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, ஆனால் இந்த மாதிரி அரிப்புக்குக் கலப்படம் தேவையே இல்லை. அடியில் படிந்த சகதிக்குள் ஆக்சிஜன் கிடையாது. நாம் ஆக்சிஜனை வைத்து மூச்சு விடுகிற வேலையை அங்கே ஒரு வகை பாக்டீரியா சல்பேட்டை, அதாவது கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பை, வைத்துச் செய்கிறது, செய்துவிட்டு ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியே விடுகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான். அந்த வாயு மேலே ஏறி ஈரமான கூரைப் பக்கம் ஒட்டும். அங்கே காற்று உண்டு என்பதால் வேறொரு பாக்டீரியாக் கூட்டம் அதை ஆக்சிஜனோடு சேர்த்துக் கந்தக அமிலமாக்கிப் பிழைக்கும். அமிலம் பட்ட கான்கிரீட்டின் சுண்ணாம்பு ஜிப்சமாகிப் பொலபொலவென்று உதிரும். சங்கச் செயலாளர் என்ற முறையில் நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு: எவ்வளவு சின்ன அடைப்பாக இருந்தாலும் யாரையும் உள்ளே இறங்க விடாதே. அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துவிடும், வாடையே தெரியாது. வாடை இல்லையே என்று நம்பி இறங்கியவர்கள்தான் நம் ஊரில் எத்தனை பேர் செத்திருக்கிறார்கள், சட்டம் வந்தும் நிற்கவில்லை.

சரி, கேட்டது அவ்வளவுதான், ஆனால் இந்த விஷயத்தைத் தொட்டால் என்னால் நிறுத்த முடியாது என்று உனக்குத் தெரியும். சாக்கடைக்குள் நடக்கிற இதே இரட்டை வேலைதான் கடலிலும் சேற்றிலும் பூமி முழுக்க நடக்கிறது. ஒரு கூட்டம் சல்பேட்டை சல்ஃபைடாக்கும், இன்னொரு கூட்டம் சல்ஃபைடைத் திரும்பவும் சல்பேட்டாக்கும். இரண்டாவதை 1887-ல் ரஷ்ய நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி ஸ்ட்ராஸ்பூர்கில் கண்டுபிடித்தார்; வெளிச்சமும் இல்லாமல் அடுத்த உயிரைத் தின்னவும் செய்யாமல், வெறும் தாதுப் பொருளிலிருந்து ஓர் உயிர் சக்தி எடுக்க முடியும் என்பதே அன்றைக்குப் புதுச் செய்தி. முதல் கூட்டத்தை 1895-ல் ஹாலந்தில் டெல்ஃப்ட் நகரத்தில் பேயெரிங்க் பிரித்தெடுத்தார்.

இவை எவ்வளவு பழசு என்று எப்படித் தெரியும்? பாறைக்குள் பாக்டீரியா உட்கார்ந்திருக்காது. ஆனால் கந்தக அணுவில் எடை வித்தியாசம் உண்டு: 32 எடை உள்ளது சுமார் 95 சதவீதம், 34 உள்ளது 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, 33-ம் 36-ம் சொற்பம். பொரியலில் தேங்காயை மட்டும் பொறுக்குகிற பிள்ளை மாதிரி சல்பேட்டை மூச்சாக்கும் பாக்டீரியா லேசான 32-ஐத்தான் முதலில் எடுக்கும். அது விட்ட சல்ஃபைடு இரும்போடு சேர்ந்து பைரைட் ஆகிப் பாறையில் தங்கினால், அந்தப் பைரைட்டில் 32 தூக்கலாக இருக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவில் பில்பரா என்ற செம்மண் வறட்டுப் பிரதேசத்தில், சுமார் 350 கோடி ஆண்டு வயதுள்ள பாரைட் என்ற சல்பேட் தாதுப் பாறைக்குள் இருந்த நுண்ணிய பைரைட்டில் இந்த அடையாளம் இருப்பதாக 2001-ல் ஷென், பியூக், கேன்ஃபீல்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவரும் எழுதினார்கள். இல்லை, அது சல்பேட்டை மூச்சாக்கியவை இல்லை, தனிக் கந்தகத்தையே இரண்டாக உடைத்து வாழ்ந்த வேறு வகை என்று 2007-ல் இன்னொரு குழு மறுத்தது. இரண்டில் எது ஜெயித்தாலும் கந்தகத்தில் பிழைத்த உயிர்கள்தான், அதனால் எனக்கு அந்தச் சண்டையில் பெரிய அக்கறை இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த கட்டம். 2000-ல் ஃபார்க்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் பழைய பாறைகளில் 33 எடையுள்ள கந்தகத்தை அளந்தார்கள். சாதாரணமாக 34 எவ்வளவு விலகுகிறதோ அதில் பாதியளவு 33 விலகும், உயிர் செய்தாலும் சரி, வெறும் வேதியியல் செய்தாலும் சரி. சுமார் 240 கோடி ஆண்டுக்கு முந்திய பாறைகளில் மட்டும் இந்தக் கணக்கு உதைக்கிறது, அதற்குப் பிறகு ஒழுங்காகிவிடுகிறது! காரணம் வானத்தில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜன் இல்லாததால், அதிலிருந்து உண்டாகும் ஓசோன் திரையும் இல்லாத காலத்தில் புற ஊதாக் கதிர் நேரடியாக எரிமலைப் புகையின் சல்ஃபர் டையாக்சைடை உடைத்து இந்தக் கோணல் கணக்கை உண்டாக்கியது. ஆக்சிஜன் இன்றைய அளவில் லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தால்கூட அந்த அடையாளம் பாறை வரை வந்து சேர்ந்திருக்காது. காற்றில் ஆக்சிஜன் சேர ஆரம்பித்த காலத்தை நமக்குத் துல்லியமாகச் சொல்வது கந்தகம்தான்.

அப்புறம் ஆக்சிஜன் வந்தது, எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நாம் கல்லூரியில் படித்தோம், இல்லையா? அங்கேதான் கேன்ஃபீல்ட் 1998-ல் ஒரு போடு போட்டார். காற்றில் ஆக்சிஜன் வந்ததும் நிலத்திலிருந்த பைரைட் துருப்பிடித்து சல்பேட்டாகி ஆறுகள் வழியே கடலுக்குப் போனது. அதுவரை கடலில் சல்பேட் பஞ்சம், இன்றைய அளவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இப்போது சாப்பாடு வந்து குவிந்ததும் சல்பேட் மூச்சுக்காரர்கள் பெருகினார்கள், கடலுக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு நிறைந்தது, கரைந்திருந்த இரும்பு பைரைட்டாகி அடியில் இறங்கியது. கடலடியில் இரும்பு அடுக்கடுக்காகப் படிந்து உண்டான இரும்புப் பட்டைப் பாறைகள் சுமார் 180 கோடி ஆண்டுக்கு முன் உருவாவது நின்றுபோனதற்கு ஆழ்கடலுக்கு ஆக்சிஜன் வந்தது காரணமல்ல, இந்த நாற்றம்தான் காரணம் என்றார். ஆழ்கடல் முழுவதும் அப்படி இல்லை, கரையோரத்திலும் நடு ஆழத்திலும் மட்டும்தான் என்று பிற்பாடு திருத்தினார்கள். அந்தத் திருத்தம் எனக்கும் நியாயமாகப் படுகிறது. ஆனால் அந்த அளவுக்கு இருந்தாலே மாலிப்டினம் என்ற உலோகம் கடல்நீரிலிருந்து குறைந்துவிடும், அது இல்லாமல் உயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடிப்பது கஷ்டம், நைட்ரஜன் இல்லாமல் பாசி பெருகாது. நூறு கோடி ஆண்டுக்குச் சற்று ஏறக்குறைய உயிரின வளர்ச்சி மந்தமாகக் கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, யாருமே இதை எடுத்துச் சொல்வதில்லை என்று எனக்கு ஆதங்கம். ஆக்சிஜன் பட்டாலே தாங்காத இந்த பாக்டீரியாதான் ஆக்சிஜனைக் காற்றில் தங்கவும் வைத்தது. செத்த பாசியை இவை தின்று உண்டாக்கிய சல்ஃபைடு பைரைட்டாகப் புதைந்துவிட்டால், அந்த சல்ஃபைடை எரித்துத் தீர்க்க ஆகியிருக்க வேண்டிய ஆக்சிஜன் அப்படியே மிஞ்சும். நாம் இழுக்கிற மூச்சில் மரம் செடிக்குப் பங்கு உண்டு என்று சொல்கிறோம், சேற்றுக்குள் புதைந்த பைரைட்டுக்கும் பங்கு உண்டு.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதே. கருங்கடலில் ஒரு 150, 200 மீட்டருக்குக் கீழே இன்றைக்கும் ஆக்சிஜன் இல்லை, சல்ஃபைடுதான். மரத்தைத் துளைக்கும் புழு பூச்சி எதுவும் அங்கே பிழைக்காது; 2018-ல் பல்கேரியா பக்கம் 2 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் 2400 ஆண்டுப் பழைய கிரேக்கக் கப்பல் ஒன்றைப் பாய்மரத்தண்டு நிற்க நிற்கக் கண்டார்கள். நமீபியாக் கரையில் இன்னும் விசேஷம். அங்கே அடிச்சேற்றிலிருந்து அவ்வப்போது சல்ஃபைடு குமுறி எழும்பும், மேலே வந்து கந்தகமாகிக் கடலே பால் நிறமாவது செயற்கைக்கோள் படத்திலேயே தெரியும், சிங்கி இறால்கள் மூச்சுத் திணறிக் கரையேறிவிடும். அந்தச் சேற்றில் 1997-ல் ஹைடே ஷூல்ஸ் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்: முக்கால் மில்லிமீட்டர் வரை வளரும், கண்ணாலேயே பார்க்கலாம், முத்துச் சரம் கோத்தது போல இருக்கும். ஆக்சிஜன் கிடைக்காத நாட்களுக்காக நைட்ரேட்டை உடம்புக்குள் சேமித்து வைத்துக்கொண்டு அதை வைத்து சல்ஃபைடை எரிக்கிறது. உடம்பில் பெரும்பகுதி இந்தச் சேமிப்புப் பைதான்.

நிறைய எழுதிவிட்டேன். பேத்திக்குப் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு யோசனை கேட்டிருந்தாயே, அதையும் இதிலேயே முடித்துவிடுகிறேன். உயரமான கண்ணாடி பாட்டிலில் குளத்துச் சேறு, கிழித்த செய்தித்தாள், முட்டை மஞ்சள் கரு, கொஞ்சம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்து போட்டு, மேலே குளத்துத் தண்ணீர் ஊற்றி, வெளிச்சம் வருகிற ஜன்னலோரம் வைக்கச் சொல். வினோகிராட்ஸ்கி காட்டிக் கொடுத்த வழிதான். சில வாரத்தில் அடியில் கறுப்பு, அதன் மேல் பச்சை, ஊதா என்று அடுக்கு அடுக்காக நிறம் வரும், ஒவ்வொன்றும் ஒரு கூட்டம். கண்காட்சி எப்போது என்று கேட்டு இப்போதே ஆரம்பியுங்கள், கடைசி வாரத்தில் ஆரம்பித்தால் வெறும் சேறுதான் இருக்கும். மூடியை இறுக்கி மூட வேண்டாம், வாயு சேரும். நாற்றம் வரும் என்று வீட்டில் தங்கச்சியிடம் முன்கூட்டியே சொல்லி வை, இல்லாவிட்டால் பாட்டிலும் போகும், என் பேரும் கெடும்.

அன்புடன்,
நாதன்