ஈம் ஊராருக்கு நன்றி மடல்

அன்புள்ள ஈம் ஊராருக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் மகள் வீட்டுக்கு வந்திருந்த நான், சென்ற மாதம் ஒரு பகல் முழுவதும் உங்கள் ஊரில் கால்போன போக்கில் திரிந்தேன். உதவிய ஒருவர் பெயரையும் கேட்டுக்கொள்ளாமல் திரும்பிவிட்டேன். ஆகவே இம்மடல் ஊருக்கே.

முதலில் பஸ் ஓட்டுநர். Eyam என்பதை எழுத்துக் கூட்டிப் படித்து 'எயாம்' என்று டிக்கெட் கேட்டவனை, சிரிக்காமல் 'ஈம்' என்று திருத்தினார். ஈமச்சடங்கு என்ற சொல்லோடு வளர்ந்த காதில் அந்தப் பெயர் சற்று அதிர்ச்சியாகவே விழுந்தது. 1665 செப்டம்பரில் பிளேக் புகுந்து, பதினான்கு மாதங்களில் சுமார் 260 பேரைக் கொண்டுபோன ஊர் அல்லவா!

புனித லாரன்ஸ் தேவாலயத்தில் இருந்த அம்மையார், நான் ஒருவன்தான் என்றாலும் விளக்குகளை எல்லாம் போட்டு, நோயில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலை நிதானமாகப் படிக்கவிட்டார். தெற்குச் சுவரில் உள்ள 1775ஆம் ஆண்டுச் சூரியக் கடிகாரத்தைக் காட்டத் தூறலில் கூடவே வந்தார். "இன்று இதற்கு விடுமுறை" என்றார். தண்டில் ஒரு துண்டு குறைந்து நிற்கும் பழைய சாக்சன் காலத்துக் கற்சிலுவையையும் கேதரின் மோம்பெசனின் கல்லறையையும் காட்டியவர் அவரே. கேதரின் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுப் போதகரான கணவரோடு இங்கேயே தங்கியவர். 1666 ஆகஸ்டில் இறந்துபோனார்.

ரைலி கல்லறைகளுக்கு ஏறும் வழியில் ஈரக்கல்லில் வழுக்கிக் கணுக்கால் பிசகியது. நாயோடு வந்த பெரியவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். கைத்தடியையும் தந்து, "திரும்பும்போது தேவாலய வாசலில் வைத்துவிடுங்கள், எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். ஊர் பேர் தெரியாதவனிடம்! நொண்டிக்கொண்டே மேலே போனேன். எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் எலிசபெத் ஹான்காக் புதைத்த இடம் அது. அந்த வட்ட மதிலுக்குள் நின்றபிறகு என் கால் வலியைப் பற்றி முனகக் கூச்சமாக இருந்தது.

அந்தத் தடியின் தயவில்தான் ஸ்டோனி மிடில்டன் பக்கமுள்ள எல்லைக்கல் வரை போக முடிந்தது. நோய் வெளியே பரவாதிருக்க யாரும் ஊரைவிட்டு வெளியேறுவதில்லை என்று போதகர் வில்லியம் மோம்பெசனும், அவருக்கு முன் பதவியிழந்த தாமஸ் ஸ்டான்லியும் 1666 கோடையில் மக்களை இணங்கவைத்திருந்தார்கள். காசில் நோய் ஒட்டாதிருக்கக் கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றி, அதில் காசைப் போட்டுவிட்டு ஈம் மக்கள் விலகிப்போக, அக்கம்பக்கத்து ஊரார் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போனார்களாம். ஒரு குழியில் விரல் விட்டுப் பார்த்தேன், மழைநீர் நிறைந்திருந்தது. சாட்ஸ்வொர்த் மாளிகையின் டெவன்ஷயர் பிரபுவும் உணவு அனுப்பினார். பிரபு என்பதால் அவர் பெயர் புத்தகத்தில் ஏறிவிட்டது. சுமந்து வந்தவர்களுக்கு என் கும்பிடு.

கைத்தடியின் சொந்தக்காரருக்கு: பஸ் ஏறுமுன் சேறு துடைத்து, வாசலில் இடப்பக்கச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
பிசகிய காலோடு வந்தவன்